பக்கம் திறந்திருந்தும் செய்தி வராதது ஏன்? நேரலை அறிவிப்புகள் உலாவிக்கு வந்து சேரும் வழி

நமது மஹல்லாவில் ஒரு வஃபாத். ஜனாஸா அஸருக்குப் பிறகு என்று ஜமாஅத்தின் இணையப் பக்கத்தில் முதலில் அறிவித்திருந்தோம். வெளியூரிலிருந்து வரவேண்டியவர்கள் முன்னதாகவே வந்து சேர்ந்துவிட்டதால், லுஹருக்குப் பிறகே நல்லடக்கம் செய்துவிடலாம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். பக்கத்தில் உடனே நேரத்தை மாற்றினோம். அது 'நேரலை'ப் பக்கம். யாரும் ரீஃப்ரெஷ் செய்ய வேண்டியதில்லை, மாற்றம் தானாகவே திரையில் தெரியும் என்று ஜும்ஆவில் நாமே அறிவித்திருந்தோம்.

மய்யித்தின் இளமைக்காலத் தோழரான பெரியவர் ஒருவர் காலையிலிருந்து அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் திறந்தே வைத்திருந்தார். அவருடைய திரையில் கடைசிவரை அஸர் என்றே இருந்தது. அவர் அஸருக்குப் பள்ளிவாசலுக்கு வந்தபோது, கப்ருக்கு மண் தள்ளி முடித்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. நம்மிடம் அவர் கோபப்படவில்லை. "ஹஜ்ரத், நான் பார்த்துக்கிட்டேதானே இருந்தேன்?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அன்று நம்மிடம் பதில் இல்லை. நாம் கணினி படித்தவர்கள் அல்லர். மத்ரஸாவில் ஓதி, பிறகு கலைப் பிரிவில் பட்டம் வாங்கியவர்கள். பக்கத்தைப் பராமரிக்கும் தம்பிகளோடு பல இரவுகள் உட்கார்ந்து கேட்டும், அவர்கள் காட்டிய தரநிலை ஆவணங்களைப் படித்தும் விளங்கிக்கொண்டதை இங்கே எழுதுகிறோம். பிறை இரவுகளில் இத்தகைய பக்கங்களை எதிர்பார்த்திருக்கும் குடும்பங்களுக்கும், மஹல்லா தளம் நடத்தும் இளைஞர்களுக்கும் இது பயன்படும், இன்ஷா அல்லாஹ்.

கேட்டால்தான் பதில்

இணையப் பக்கங்கள் எச்.டி.டி.பி. என்ற நெறிமுறையில் இயங்குகின்றன. ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1990-களின் தொடக்கத்தில் இதை உருவாக்கியபோது இருந்த தேவை எளியது. ஓரிடத்தில் இருக்கும் ஆவணத்தை வேறோரிடத்தில் இருப்பவர் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். உலாவி கேட்கும். சர்வர் கொடுக்கும். பேச்சு முடிந்துவிடும். கேட்டது யார் என்பதைக்கூட சர்வர் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

வீட்டிலிருந்து ஒரு பையனைப் பள்ளிவாசலுக்கு அனுப்பி, "ஜனாஸா எப்போது என்று மோதினாரிடம் கேட்டு வா" என்கிறோம். அவன் போய்க் கேட்டு வந்து சொல்கிறான். அவன் திரும்பிய பிறகு நேரம் மாறினால் மோதினார் என்ன செய்வார்? பையன் எந்த வீடு என்றே அவருக்குத் தெரியாது. சர்வரின் நிலை இதுதான்.

முகவரி தெரிந்தாலும் சர்வர் நம் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. வீட்டு வைஃபை ரவுட்டரும் சரி, கைப்பேசி நிறுவனமும் சரி, ஒரு பொது முகவரியைப் பல கருவிகளுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. உள்ளிருந்து வெளியே போன கேள்விக்குரிய பதிலை மட்டும் உள்ளே விடுவார்கள்; கேட்காமல் வருவதைத் தடுத்துவிடுவார்கள். இதைக் குறை என்று சொல்லிவிட முடியாது. கண்டவர்களும் நம் கைப்பேசிக்குள் நுழையாமல் இருப்பதற்கு இந்தத் தடுப்பும் ஒரு காரணம்.

எனவே 'நேரலை' என்று எந்தப் பக்கம் சொன்னாலும் முதலில் பேசுவது உலாவிதான். பதிலை எப்போது கொடுப்பது, எவ்வளவு நேரம் நீட்டிக் கொடுப்பது என்பதில் மட்டுமே சர்வருக்கு இடம் உண்டு. கடந்த முப்பது ஆண்டுகளில் கண்டுபிடிக்கப்பட்ட உத்திகள் எல்லாம் இந்தச் சிறிய இடத்துக்குள் செய்யப்பட்டவை.

திரும்பத் திரும்பக் கேட்பது

முதல் உத்தி எவருக்கும் தோன்றக்கூடியது. பையனை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பிக்கொண்டே இருப்பது. 1995-இல் நெட்ஸ்கேப் உலாவி, பக்கம் குறிப்பிட்ட நொடிகளுக்கு ஒருமுறை தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் வசதியைத் தந்தது. பக்கம் முழுவதும் மறைந்து மீண்டும் தோன்றும்; படித்துக்கொண்டிருந்த வரி தொலைந்துவிடும். 1999-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 உலாவியுடன் வந்த ஒரு வசதி, பக்கத்தைக் கலைக்காமல் பின்னணியில் கேள்வி அனுப்ப வழிசெய்தது. மைக்ரோசாஃப்ட் தனது அவுட்லுக் மின்னஞ்சலை உலாவியில் காட்டுவதற்காக உருவாக்கிய எக்ஸ்.எம்.எல்.எச்.டி.டி.பி.-ரிக்வெஸ்ட் என்பது அது. பெயர் நீளம், பயனோ அதைவிடப் பெரிது.

ஆனால் கேட்கும் முறை மாறவில்லை. பிறை இரவைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஷஅபான் 29 மாலை 5,000 வீடுகளில் ஒரு பக்கம் திறந்திருக்கிறது; ஒவ்வொன்றும் 5 நொடிக்கு ஒருமுறை கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். சர்வருக்கு நொடிக்கு 1,000 கேள்விகள். மஃரிபிலிருந்து இஷா வரை 75 நிமிடம் என்றால் 45 லட்சம் கேள்விகள். அறிவிப்பு வரும்வரை அத்தனைக்கும் ஒரே பதில்தான்: இன்னும் இல்லை. இதற்கு மேல் பொறுமையிழந்து ரீஃப்ரெஷ் பொத்தானை அழுத்துவோரும் சேர்ந்துகொள்கிறார்கள். அறிவிப்பு வெளியாகும் நிமிடத்தில் தளம் விழுந்துவிடுவது இப்படித்தான். இடைவெளியை ஒரு நிமிடமாக்கினால் சர்வர் பிழைக்கும். செய்தி ஒரு நிமிடம் வரை தாமதமாகும். ஜனாஸா நேரத்துக்கு ஒரு நிமிடத் தாமதம் பெரிதல்ல. சிறு மஹல்லாவுக்கு இந்தப் பழைய முறையே போதும் என்பது நமது கருத்து. தம்பிகளுக்கு இதில் உடன்பாடில்லை.

பதிலைப் பிடித்து வைப்பது

அடுத்த உத்தியில்தான் உண்மையான கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. பையனிடம் இப்படிச் சொல்லி அனுப்புகிறோம்: "செய்தி இல்லை என்றால் உடனே திரும்பாதே. அங்கேயே நில். வந்ததும் ஓடி வா." உலாவி கேள்வியை அனுப்பும். சர்வர் பதில் சொல்லாமல் அதைப் பிடித்து வைத்திருக்கும். செய்தி வந்த நொடியில் பதில் கொடுக்கும். உலாவி அதைக் காட்டிவிட்டு உடனே அடுத்த கேள்வியை அனுப்பிக் காத்திருக்கும். லாங் போலிங் என்பது இதுதான்.

இன்னொரு வகையில், சர்வர் பதிலைத் தொடங்கிவிட்டு முடிக்காமலே நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத சிறு சட்டம் ஒன்றை வைத்து, அதன் வழியாகச் செய்திகளை ஒன்றன்பின் ஒன்றாக இறக்குவார்கள். இதில் வேடிக்கையான தொல்லைகள் இருந்தன. பக்கம் இன்னும் முழுதாக வரவில்லை என்று எண்ணி உலாவி தனது சுழலும் அடையாளத்தை ஓட்டிக்கொண்டே இருக்கும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் 'க்ளிக்' என்ற ஓசை வேறு. 2006-இல் ஜிமெயிலுக்குள் அரட்டை வசதி வந்தபோது, கூகுள் பொறியாளர்கள் அந்த உலாவியின் வேறொரு உள்பாகத்தைப் பயன்படுத்தி ஓசை வராமல் செய்திருந்தார்கள். அதைக் கவனித்து எழுதிய அலெக்ஸ் ரஸ்ஸல்தான் அதே ஆண்டு இந்த உத்திகளுக்கெல்லாம் சேர்த்து 'காமெட்' என்று பெயர் வைத்தார். அதற்கு முந்தைய ஆண்டு பின்னணியில் கேள்வி அனுப்பும் முறைக்கு 'அஜாக்ஸ்' என்ற பெயர் வந்திருந்தது. அஜாக்ஸ், காமெட் இரண்டும் அமெரிக்க வீடுகளில் சமையலறை கழுவும் பொடிகளின் பெயர்கள்!

லாங் போலிங் முறையில் மறைந்திருந்த இடர்கள் சில உண்டு.

முதலாவது, இரண்டு இணைப்பு வரம்பு. ஓர் உலாவி ஒரு சர்வருடன் ஒரே நேரத்தில் இரண்டு இணைப்புகளுக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று 1999-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 2616 தரநிலை அறிவுறுத்தியது. சர்வர்களின் சுமையைக் குறைப்பதற்கான நல்ல எண்ணம்தான். பள்ளி அலுவலகத்தில் ஒரு வீட்டாருக்கு இரண்டு நாற்காலி என்பதுபோல. காத்திருக்கும் கேள்வி ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொள்ளும். படங்கள், மற்ற வேலைகள் எல்லாவற்றுக்கும் மிச்சம் ஒன்றுதான். அதே தளத்தை இன்னொரு தாவலில் திறந்தால் இரண்டு நாற்காலியும் போய்விடும். மூன்றாவது தாவல் அப்படியே நின்றுவிடும். பயனருக்குக் காரணமே புரியாது. ஒரே தளத்துக்குப் பல துணைப்பெயர்கள் வைத்து உலாவியை வெவ்வேறு சர்வர் என்று நம்பவைத்தார்கள். பிறகு 2008-இல் ஃபயர்ஃபாக்ஸ் 3-உம், 2009-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8-உம் இந்த வரம்பை ஆறாக உயர்த்தின.

இரண்டாவது, சர்வரின் பக்கம். பழைய சர்வர் மென்பொருள்கள் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பணியாளரை ஒதுக்குபவை. பதில் உடனே கொடுக்கும் வேலைக்கு அது பொருந்தும். ஆயிரக்கணக்கானோர் பதிலுக்காக நிற்கும்போது, ஆயிரக்கணக்கான பணியாளர்களும் சும்மா நிற்க வேண்டும், நினைவகம் தீர்ந்துவிடும். ஒரு கணினி 10,000 இணைப்புகளை ஒரே நேரத்தில் தாங்குவது எப்படி என்று டேன் கேகல் 1999-இல் கேள்வி எழுப்பினார். ஒரே பணியாளர் எல்லா இணைப்புகளையும் பார்த்துக்கொண்டு, எது அசைகிறதோ அதை மட்டும் கவனிக்கும் முறை அதற்கு விடையானது. 2004-இல் இகோர் சிசோயேவ் வெளியிட்ட என்ஜின்எக்ஸ், 2009-இல் ரயன் டால் அறிமுகப்படுத்திய நோட்.ஜே.எஸ். இரண்டும் இந்த முறையில் இயங்குபவை. 2008-இல் ஃபேஸ்புக் அரட்டை தொடங்கியபோது லாங் போலிங்கைத்தான் பயன்படுத்தியது. காத்திருப்போர் கூட்டத்தைத் தாங்குவதற்காக, தொலைபேசி இணைப்பகங்களுக்கென்று உருவான எர்லாங் மொழியில் அதன் சர்வரை எழுதினார்கள்.

மூன்றாவது, வழியில் நிற்பவர்கள். உலாவிக்கும் சர்வருக்கும் இடையில் ப்ராக்ஸி எனப்படும் இடைத்தரகர்கள் உண்டு. நீண்ட நேரம் ஓசையில்லாத இணைப்பைச் செத்ததாகக் கருதி அறுத்துவிடுவார்கள். என்ஜின்எக்ஸ் இடைத்தரகராக நிற்கும்போது, மாற்றாமல் விட்டால் 60 நொடி மௌனத்தில் அறுத்துவிடும். சிலர் பதிலைத் துளித்துளியாக அனுப்பாமல், நிறையட்டும் என்று சேர்த்து வைத்துக்கொள்வார்கள். சர்வர் அனுப்பிய செய்தி பாதி வழியில் உட்கார்ந்திருக்கும். இவற்றையெல்லாம் தொகுத்து 2011-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 6202, காத்திருப்பை 30 நொடியளவில் முடித்துப் புதிதாகக் கேட்பது பாதுகாப்பானது என்கிறது.

நான்காவதைத்தான் நாம் முக்கியமாகக் கருதுகிறோம். ஒரு பதில் கிடைத்து அடுத்த கேள்வி போய்ச் சேர்வதற்குள் ஒரு நொடி இடைவெளி இருக்கிறது. அந்த நொடியில் செய்தி வந்தால், வாங்குவதற்கு அங்கே யாரும் இல்லை. ஆகவே ஒவ்வொரு செய்திக்கும் வரிசை எண் கொடுத்து, "என்னிடம் கடைசியாக இருப்பது 41" என்று உலாவி சொல்லிக் கேட்க வேண்டும். 42-உம் 43-உம் நடுவில் வந்திருந்தால் சர்வர் இரண்டையும் எடுத்துக் கொடுக்கும். ஹதீஸ் கலை ஓதியவர்களுக்கு இது உடனே விளங்கும். தொடரில் ஓர் ஆள் விடுபட்டால் அது முன்கதிஃ என்று கண்டுகொள்கிறோம் அல்லவா? எண் இல்லாத செய்தித் தொடரில் விடுபட்டது விடுபட்டதாகவே தெரியாது.

தரநிலையாக வந்த இரண்டு வழிகள்

இத்தனை உத்திகளையும் நெறிப்படுத்தி வந்தது சர்வர்-சென்ட் ஈவன்ட்ஸ். 2006-இல் ஓப்பரா உலாவியில் முதலில் தோன்றி, பிறகு எச்.டி.எம்.எல். 5 தரநிலையில் இடம்பெற்றது. உலாவி ஒருமுறை கேட்கும். சர்வர் முடிவில்லாத ஒரு பதிலைத் தொடங்கி, செய்தி வரும்போதெல்லாம் அதில் சில வரிகள் சேர்க்கும். இணைப்பு அறுந்தால் உலாவி சில நொடிகளில் தானாகவே மீண்டும் இணையும். அப்போது தான் கடைசியாகப் பெற்ற எண்ணையும் சொல்லும். மேலே சொன்ன வரிசை எண் ஏற்பாடு உள்ளேயே வந்துவிட்டது. ஆனால் பழைய செய்திகளை எடுத்து வைத்திருப்பது சர்வரை எழுதுபவரின் பொறுப்பு. அதைச் செய்யாவிட்டால் எண்ணைச் சொல்லியும் பயனில்லை. எழுத்துகள் எப்போதும் யூ.டி.எஃப்-8 என்பதால் தமிழும் அரபியும் சிதையாமல் வரும். செய்தி சர்வரிலிருந்து உலாவிக்கு மட்டுமே வரும். திரும்பிப் பேச வழக்கமான கேள்விதான். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் கடைசிவரை இதை ஏற்கவில்லை. எட்ஜ் உலாவிக்கே 2020-இல்தான் வந்தது. ஆறு இணைப்பு வரம்பு இதற்கும் உண்டு. 2015-இல் தரநிலையான எச்.டி.டி.பி.-2 ஒரே இணைப்புக்குள் பல உரையாடல்களை ஓடவிடுவதால், அதில் இயங்கும் தளங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

மற்றொன்று வெப்சாக்கெட். வழக்கமான கேள்வியாகவே தொடங்கும்; "இனி நாம் வேறு முறையில் பேசலாமா?" என்று உலாவி கேட்க, சர்வர் 101 என்ற எண்ணுடன் சம்மதம் சொல்லும். அதன்பின் இரு தரப்பும் நினைத்த நேரத்தில் பேசலாம். 2010 இறுதியில், பழைய ப்ராக்ஸிகளை ஏமாற்றித் தவறான தகவலைச் சேமிக்கவைக்க முடியும் என்று ஆய்வாளர்கள் காட்டியதால் ஃபயர்ஃபாக்ஸும் ஓப்பராவும் இதை நிறுத்தி வைத்தன. குறை திருத்தப்பட்டு, 2011 டிசம்பரில் ஆர்.எஃப்.சி. 6455 ஆக வெளியானது. அரட்டைக்கும் விளையாட்டுக்கும் இதைவிடப் பொருத்தமானது இல்லை. ஆனால் அறுந்தால் தானாக மீண்டும் இணையாது. அந்த வரியைப் பக்கத்தை எழுதுபவர்தான் எழுத வேண்டும்.

மௌனம் இரண்டு வகை

பெரியவரின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருந்தது. நமது பக்கம் வெப்சாக்கெட்டில் இயங்கியது. 'இதுதான் நவீனமானது' என்று தம்பிகள் சொன்னார்கள், நாமும் தலையாட்டினோம். காலையில் அவர் வீட்டிலிருந்து கடைக்குப் போனபோது கைப்பேசி வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவுக்கு மாறியிருக்கிறது. பழைய இணைப்பு செத்துவிட்டது. மீண்டும் இணைக்கும் வரியை நாம் எழுதியிருக்கவில்லை. திரையில் எழுத்துகள் அப்படியே நின்றன. அவர் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்; பார்த்தது காலை மணி பத்தின் பக்கத்தை.

இணைப்பு அறுவதை இரு தரப்பும் உடனே உணரும் என்று எண்ணுவது தவறு. கம்பி அறுந்தால் ஓசை வருவதுபோல் இதில் எதுவும் வருவதில்லை. சிக்னல் இல்லாத இடத்துக்குப் போனாலும், திரை அணைந்து கைப்பேசி உலாவியை உறங்கவைத்தாலும், பேச்சு நின்றுவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. புதிய செய்தி இல்லாததால் வரும் மௌனமும், தொடர்பே இல்லாததால் வரும் மௌனமும் திரையில் ஒன்றுபோலவே இருக்கும். ரமளான் 29 இரவில் 'ஷவ்வால் பிறை தென்படவில்லை' என்ற முதல் அறிவிப்போடு ஒரு பக்கம் உறைந்து, பிறகு வேறோர் ஊரிலிருந்து பிறைத் தகவல் உறுதியாகி அறிவிப்பு மாறினால், அந்தத் திரையை நம்பிய குடும்பம் பெருநாள் அன்று நோன்போடு இருக்கும். பெருநாள் நோன்பு ஹராம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தளம் நடத்துபவர்கள் செய்ய வேண்டியவை அதிகமில்லை. சர்வர் 15 நொடிக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்று ஒரு சிறு செய்தியை அனுப்பட்டும். சர்வர்-சென்ட் ஈவன்ட்ஸ் முறையில் இதைக் குறிப்பு வரியாக அனுப்பும் வழக்கம் உண்டு. அது இணைப்பை உயிரோடு வைக்கும், ஆனால் பக்கத்தின் நிரலுக்குத் தெரியாது. எனவே உண்மையான செய்தியாகவே அனுப்ப வேண்டும். அது கிடைத்த நேரத்தைப் பக்கத்தில் காட்ட வேண்டும். மூன்று முறை வராவிட்டால் பழைய அறிவிப்பின் மேலேயே 'தொடர்பு இல்லை' என்று எழுதிவிட வேண்டும். அணைந்த திரை மீண்டும் எரியும்போது, விடுபட்டதைத் தேடாமல் முழு நிலவரத்தையும் புதிதாகக் கேட்டு வாங்குவது நல்லது. நாம் வெப்சாக்கெட்டை எடுத்துவிட்டு சர்வர்-சென்ட் ஈவன்ட்ஸுக்கு மாறினோம். ஜனாஸா அறிவிப்புக்கு ஒருவழிப் பேச்சு போதும்.

பக்கம் மூடியிருந்தாலும் வரும் நோட்டிஃபிகேஷனைப் பயன்படுத்தலாமே என்று சிலர் கேட்கிறார்கள். பயன்படுத்தலாம். 2015-இல் குரோமில் வந்தது. ஐஃபோனில் 2023-இல் வந்தது, அதிலும் தளத்தை முகப்புத் திரையில் சேர்த்துக்கொண்டவர்களுக்கு மட்டும். செய்தி உலாவி நிறுவனத்தின் சர்வர் வழியாகச் சுற்றி வருவதால், பேட்டரி சேமிப்பில் இருக்கும் கைப்பேசிக்குத் தாமதமாக வரலாம். துணைக்கு வைத்துக்கொள்ளலாமே தவிர, அதை மட்டும் நம்பி இருக்க முடியாது. அனுமதி கேட்கும் எல்லாத் தளத்துக்கும் 'சரி' அழுத்திவிடும் பழக்கம் வீட்டில் இருந்தால், விளம்பரக் குப்பைக்கு நடுவில் ஜனாஸா செய்தி புதைந்துபோகும் என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

படிப்பவர்கள் பார்க்க வேண்டியது நேரத்தை. அறிவிப்பு எழுதப்பட்ட நேரம் வேறு. பக்கம் கடைசியாகத் தொடர்பில் இருந்த நேரம் வேறு. இரண்டும் இல்லாத பக்கம் என்றால் ஒருமுறை ரீஃப்ரெஷ் செய்யுங்கள், நொடிக்கு ஒருமுறை வேண்டாம். பிறை விஷயத்தில் தளங்கள் செய்தியைக் கொண்டுவருபவை மட்டுமே. தமிழ்நாட்டில் அரசின் தலைமை காஜியும், இலங்கையில் அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவுடன் சேர்ந்து கொழும்புப் பெரிய பள்ளிவாசலும் அறிவிக்கிறார்கள். வந்த செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறு ஸூரத்துல் ஹுஜுராத்தில் வரும் கட்டளைக்குத் திரையில் வருவது மட்டும் விதிவிலக்கல்ல.

மாற்றங்கள் முடிந்ததும் பெரியவரின் வீட்டுக்குப் போய், பக்கத்தின் அடியில் புதிதாகச் சேர்த்த 'கடைசித் தொடர்பு' வரியைக் காட்டி மன்னிப்புக் கேட்டோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு நிமிடம் அதையே பார்த்தார். நொடிகள் மாறுவதைக் கண்டு தலையசைத்தார். இப்போது பக்கத்தைத் திறந்தால் முதலில் அந்த வரியைத்தான் பார்க்கிறாராம். அது நின்றிருந்தால் மோதினாருக்குப் போன் போட்டுவிடுகிறார்.